அடித்தரை தேடும் சக்கரம்

சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சேடை ஓட்டும் நாட்களில் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் டிராக்டர் நேராக வயலில் இறங்கிவிடாது. வரப்போரம் நிறுத்திவிட்டு, பின் சக்கரங்களின் வெளிப்பக்கம் பெரிய இரும்புக் கூண்டுகளை உருட்டிவந்து நிறுத்தி, போல்ட் போட்டு முடுக்குவார்கள். கேஜ் வீல் என்பது அதன் பெயர். வட்டமாக வளைத்த இரும்பு வளையங்கள், அவற்றின் மேல் குறுக்கே வரிசையாகப் பற்றவைத்த ஆங்கிள் இரும்புகள், அவ்வளவுதான். டயரோடு சேர்த்து மாட்டுவது ஒரு வகை. டயரையே கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக மாட்டுவது இன்னொரு வகை. இதை மாட்டாமல் இறங்கினால் என்ன ஆகும் என்று ஓட்டுநரைக் கேட்டால், "சுத்தும், போகாது" என்று முடித்துவிடுவார்.

சுற்றுவதற்கும் போவதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை. நாற்பது, நாற்பத்தைந்து குதிரைத்திறன் உள்ள டிராக்டர் தார்ச்சாலையில் செங்கல் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறது. அதே வண்டி முழங்கால் ஆழச் சேற்றில் தன்னையே நகர்த்திக்கொள்ள முடியாமல் நிற்கிறது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை அதே அளவு திருப்பித் தள்ளினால்தான் வண்டி முன்னே போகும். எஞ்சின் எவ்வளவு பலமானதாக இருந்தாலும், தரை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இழுவை. ஆகவே பிடிமானத்தைப் பற்றிப் பேசும்போது டயரைப் பார்ப்பதற்கு முன் மண்ணைப் பார்ப்பதே முறை. டயர் விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. அவர்கள் விற்பது டயரைத்தானே!

பள்ளியில் படித்த உராய்வுக் கணக்கிலிருந்து தொடங்கலாம். இரண்டு டன் எடையுள்ள டிராக்டரில் ஏறத்தாழ 1,300 கிலோ பின் சக்கரங்களின் மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த கான்கிரீட்டில் ரப்பரின் உராய்வுக் கெழு 0.8 அளவில் இருக்கும். அப்படியானால் ஆயிரம் கிலோ அளவுக்கு இழுக்கலாம். அமெரிக்காவிலோ கனடாவிலோ வீட்டு வாசலிலிருந்து தெரு வரை போகும் தனிப் பாதையில் பனி விழுந்து இறுகிக் கிடந்தால் கெழு 0.2 அளவுக்கு இறங்கிவிடும். மிஞ்சுவது 260 கிலோ. பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடிப் பாளமாகிவிட்டால் 0.1, சில வேளை அதற்கும் கீழே.

கான்கிரீட்டுக்கும் உறைபனிக்கும் சரியாக வரும் இந்தக் கணக்கு, பொன்னேரி வயலில் பொய்த்துப்போகிறது. அங்கே வழுக்குவது ரப்பருக்கும் மண்ணுக்கும் இடையே அல்ல. டயரின் மேடுகளுக்கு இடையே மண் அடைத்துக்கொண்டு சக்கரத்தோடு ஒட்டிவிடுகிறது. மண்ணுக்கும் அதற்கு அடியிலுள்ள மண்ணுக்கும் இடையில்தான் அறுபடுகிறது. சீட்டுக்கட்டை மேசையில் வைத்து மேல் சீட்டை விரலால் தள்ளினால், விரல் வழுக்குவதில்லை, சீட்டுகள்தான் ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன. அது போலத்தான். மண் இப்படி நழுவாமல் தாங்கும் வலுவுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, மண் துகள்கள் தமக்குள் ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மை. இதனால் கிடைக்கும் பிடிப்பு, சக்கரம் தொடும் பரப்பைப் பொறுத்தது. மற்றது, துகளோடு துகள் உரசுவது. இதனால் கிடைக்கும் பிடிப்பு, மேலே உள்ள எடையைப் பொறுத்தது.

திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே இந்த இரண்டின் எல்லைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பழவேற்காட்டுக் கடற்கரை மணலில் பசை என்பதே கிடையாது. எல்லாம் உரசல். அங்கே எடை கூடினால் பிடிப்பும் கூடும். ஆனால் சக்கரம் புதைந்தால் தன்னைத்தானே தோண்டிக்கொள்ளும் என்பதால் டயரில் காற்றைக் குறைத்து மணலின் மேல் பரப்பி ஓட்டுவார்கள். அங்கிருந்து மேற்கே பொன்னேரி வந்தால், ஆரணி ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும். தண்ணீர் நிரம்பிய களியில் நிலைமை நேர்மாறு. எடையை எவ்வளவு ஏற்றினாலும் உரசல் கூடாது.

ஏன் கூடாது என்பதைக் கண்டுபிடித்தவர் கார்ல் டெர்சாகி. மண்ணியக்கவியல் என்ற துறைக்கே அடித்தளமாக அமைந்த அவருடைய நூல் 1925-இல் வந்தது. நீர் நிரம்பிய மண்ணின் மேல் பாரத்தை வைத்தால் அது முதலில் துகள்களின் மேல் இறங்குவதில்லை, துளைகளில் அடைபட்ட நீரின் மேல் இறங்குகிறது. நீர் வெளியேற வழி கிடைத்தால்தான் துகள்கள் நெருங்கி ஒன்றையொன்று அழுத்தும், உரசும். மணலில் நீர் நொடியில் வடிந்துவிடும். களியில் நாட்கள், மாதங்கள் ஆகும். டிராக்டர் சக்கரம் ஓரிடத்தில் நிற்பதோ ஒரு விநாடிதான். ஆக, ஓட்டுநர் வண்டியின் மேல் மூட்டையை ஏற்றி அழுத்தம் கொடுத்தால் அந்த எடையை நீர் வாங்கிக்கொள்கிறது. சக்கரம் இன்னும் ஆழமாகப் பதிவதுதான் மிச்சம்.

எண்களாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நன்றாகக் கலக்கிய சேடைச் சேறு ஒரு சதுர செ.மீ.க்கு 20 கிராம் அளவு விசையைத் தாங்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பதிந்த இரண்டு டயர்களும் சேர்ந்து 3,000 சதுர செ.மீ. தொடுகின்றன என்றால், மொத்தப் பிடிப்பு 60 கிலோ. அந்தச் சேற்றைப் பிளந்துகொண்டு இரண்டு டன் வண்டி உருளவே சில நூறு கிலோ விசை வேண்டும். வரவு 60, செலவு 300. சுத்தும், போகாது.

அப்படியானால் கேஜ் வீல் எப்படிப் போகிறது? பரப்பைக் கூட்டுகிறது என்பது பாதி விடைதான். வயலில் இறங்கி நடந்தவர்களுக்கு மீதிப் பாதி காலுக்கே தெரியும். சேறு கணுக்காலைத் தாண்டி ஏறும்போது, சட்டென்று பாதத்தில் கெட்டியாக ஒரு தரை தட்டும். ஆண்டாண்டாக ஒரே ஆழத்தில் உழுது, மிதித்து, மேலிருந்து இறங்கிய நுண்களி படிந்து இறுகிய அடுக்கு அது. வேளாண் அறிவியலார் கடினத்தட்டு என்கிறார்கள். பொதுவாக ஒரு சாண் அளவு ஆழத்தில் இருக்கும். வயலில் கட்டிய நீர் கீழே ஓடிவிடாமல் நிற்பதற்கும் அதுவே காரணம். கேஜ் வீலின் ஆங்கிள் இரும்புகள் சேற்றைத் துழாவுவதோடு நிற்பதில்லை, கீழே இறங்கி இந்தத் தட்டில் ஊன்றுகின்றன. தட்டின் வலு மேலே உள்ள சேற்றைப் போலப் பல மடங்கு. ஒரு சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ தாங்கும் என்றால், ஆயிரம் சதுர செ.மீ. ஊன்றினாலே 500 கிலோ கிடைத்துவிடும். கூண்டின் கம்பிகளுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் சேறு ஒட்டாமல் வழிந்துவிடுகிறது. டயரைப் போல உருண்டையாக அடைத்துக்கொள்வதில்லை. மாட்டின் பிளவுபட்ட குளம்பும் இதே வேலையைச் செய்கிறது. ஊன்றும்போது விரியும், எடுக்கும்போது சுருங்கும், சேறு உறிஞ்சிப் பிடிக்காமல் கால் வெளியே வரும். இந்த வகையில் டிராக்டர் இன்னும் மாட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

பனியிலும் கேள்வி இதுவேதான்: மெத்தென்ற மேலடுக்கின் மேல் மிதப்பதா, அதைத் துளைத்துக் கெட்டித் தரையைத் தொடுவதா? தார்ப்பாதையின் மேல் நாலு விரல் பனி என்றால், அகலம் குறைந்த டயர் அகல டயரைவிட நன்றாகப் போகும். பனியை வெட்டிக்கொண்டு தாரைத் தொட்டுவிடும். அடியில் தார் இல்லாமல் உறைந்த பாளம் இருந்தால் ரப்பர் எதுவானாலும் பயனில்லை. சக்கரத்தில் இரும்புச் சங்கிலியைச் சுற்றிவிடுகிறார்கள். கண்ணிகள் பாளத்தில் கடித்து ஊன்றுகின்றன. கேஜ் வீலும் சங்கிலியும் பங்காளிகள்தாம்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். நம் வயலுக்கு நல்லதான டயர், பாளத்துக்கு மோசமானது. உழவு டயரில் உயர்ந்த சாய்ந்த மேடுகள், நடுவே அகலமான பள்ளங்கள். கெட்டியான பாளத்தில் மேடுகளின் உச்சி மட்டுமே தொடும், தொடுபரப்பு மிகக் குறைவு. புல்வெளிக்கென்று செய்த டயரில் சின்னச் சின்னக் கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். அந்தக் கட்டங்களின் இடுக்கில் பனி அடைத்துக்கொள்ளும். வயலில் இப்படி அடைத்துக்கொள்வது குற்றம், பனியில் அது குணம். பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால், இடுக்கில் அடைந்த பனியே தரைப்பனியைப் பிடித்துக்கொள்கிறது. அதே புல்வெளி டயரைச் சேடையில் இறக்கினால் இரண்டு சுற்றில் வழவழப்பான உருளையாகிவிடும்.

இங்கே ஒரு வம்சாவளியைப் பார்க்கலாம். குளிர்நாடுகளில் வீட்டுப் பாதையின் பனியை ஒதுக்கும் சிறு டிராக்டர் பிறந்தது பனியில் அல்ல, நெல் வயலில். ஜப்பானின் சின்னச் சின்ன வயல்களுக்காகக் குபோட்டா, யன்மார் நிறுவனங்கள் செய்த எடை குறைந்த டிராக்டர்கள்தாம் அமெரிக்கா போய்ப் பெயர் மாறின. குபோட்டாவின் அமெரிக்கக் கிளை 1972-இல் தொடங்கியது. 1977-இல் ஜான் டீர் தன் பச்சை வண்ணம் பூசி விற்ற 850, 950 என்ற சிறு டிராக்டர்களைச் செய்துகொடுத்தது யன்மார். எடை குறைவாக இருந்தால்தான் கடினத்தட்டு உடையாது. எடை குறைவென்றால் பிடிப்பும் குறையுமே, அதற்கு ஈடாக நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை. வண்டியின் ஒவ்வொரு கிலோவும் இழுவைக்குப் பயன்பட வேண்டும் என்ற இந்த நெல்வயல் சிக்கனம், பனிப்பாதைக்கும் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்திவிட்டது. இந்தக் கதையின் ஒரு கிளை நம் மாவட்டத்துக்கே வந்திருக்கிறது. பொன்னேரிப் பக்கம் மஹிந்திராவின் ஒரிஜின்ஸ் தொழிற்பூங்காவில் யன்மாரின் சிறு டீசல் எஞ்சின் ஆலை இருக்கிறது.

இன்னொரு கிளை வட சென்னையில் செம்பியத்துக்குப் போகிறது. 1960-இல் தொடங்கிய டாஃபே அங்கே செய்துவந்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களின் மூதாதை, அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த சாம்பல் நிறச் சிறு டிராக்டர். நம் ஊர் வயல்களில் தலைமுறைகளாக ஓடும் 1035-ஐப் பார்த்தவர்கள் அந்தக் குடும்பச் சாயலை அடையாளம் காணலாம். அந்த வகை டிராக்டரில்தான் எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவம் போய்ச் சேர்ந்தார். அங்கே பனிக்கு அடியில் தார்ப்பாதையும் இல்லை, கடினத்தட்டும் இல்லை. துருவத்தில் பனிக்கட்டியின் தடிமன் 2,700 மீட்டர். தொடுவதற்குத் தரையே இல்லாதபோது மிதப்பதைத் தவிர வழியில்லை. முன் பின் சக்கரங்களைச் சேர்த்து நீளப் பட்டையைச் சுற்றி, எடையைப் பரப்பி ஓட்டினார்கள். வயலுக்கென்று பிறந்த வண்டி அது, வேகமும் கிடையாது, பனியில் ஆட்டமும் அதிகம். போய்ச் சேர்ந்தபோது எரிபொருள் அடிமட்டத்தில் இருந்தது.

ஃபெர்குசனின் உண்மையான சாதனை தென் துருவம் அல்ல, டிராக்டரின் பின்னால் தொங்கும் மூன்று புள்ளி இணைப்பு. கலப்பையை வெறுமனே கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுக்காமல், ஹைட்ராலிக் கைகளில் தூக்கிப் பிடித்துக்கொண்டே இழுக்கிறது. மண் கலப்பையைக் கீழே இழுக்கும் விசையும் கலப்பையின் எடையும் பின் சக்கரங்களுக்கு மாறிவிடுகின்றன. உழும்போது மட்டும் வண்டி கனக்கிறது, உழாதபோது இலேசாகிவிடுகிறது. இன்று ஏறத்தாழ எல்லா டிராக்டரும் இதைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சேடையில் நம்மவர்கள் கலப்பையைவிட ரோட்டவேட்டரை விரும்புவதற்கும் பிடிமானம் ஒரு காரணம். கலப்பை வண்டியைப் பின்னால் இழுக்கும் சுமை. ரோட்டவேட்டரின் கத்திகளோ எஞ்சின் விசையை நேரே வாங்கி, சக்கரம் சுழலும் திசையிலேயே சுழன்று மண்ணை வெட்டுகின்றன. ஒவ்வொரு வெட்டும் வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிடும். சக்கரம் கைவிட்ட இடத்தில் கருவி கைகொடுக்கிறது. பனியிலும் இதே இரண்டு வழிகள் இருக்கின்றன. முன்னால் தகட்டைக் கட்டித் தள்ளினால் குவியும் பனி முழுவதும் சக்கரத்துக்குச் சுமை. பனியை அள்ளி வீசும் சுழல் எந்திரத்தை மாட்டினால் சக்கரம் மெதுவாக உருண்டால் போதும்.

எடை கூட்டுவதற்கு இன்னொரு பழைய வழி டயருக்குள் தண்ணீர். சக்கரத்தைத் தூக்கி, வால்வு உச்சியில் இருக்கும்படி நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரில் முக்கால் பங்கு நீர், மேலே கால் பங்கு காற்று. நடுத்தர டிராக்டரின் ஒரு பின் டயரில் நூற்றைம்பது லிட்டருக்கு மேல் போகும். இரண்டுக்கும் சேர்த்து முந்நூறு கிலோவுக்கு மேல் செலவில்லாத எடை. குளிர்நாட்டில் வெறும் நீர் உறைந்துவிடும் என்று கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள், அது ரிம்மை அரிக்கிறது. கும்மிடிப்பூண்டிக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முன்னே சொன்ன டெர்சாகி கணக்கை மறக்கக் கூடாது. இந்த எடை புழுதி உழவிலும் செம்மண்ணிலும் உதவும், சேடையில் எதிரியாகும்.

காற்றழுத்தத்திலும் இதே இழுபறி. டயர் தரையை அழுத்தும் அளவு ஏறத்தாழ உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமேதான். 15 பவுண்டு காற்று என்றால் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ. 650 கிலோ தாங்கும் சக்கரம் 650 சதுர செ.மீ. பரப்பில் தரையில் படியும். 30 பவுண்டு அடித்தால் பரப்பு பாதியாகும். வயலுக்குக் குறைவும் சாலைக்குக் கூடுதலும் என்று மாற்றிக்கொண்டே இருக்க யாருக்கும் பொறுமையில்லை. சாலைக்கு அடித்த காற்றோடேயே வயலில் இறங்குவதுதான் நடைமுறை. தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷ்லின் ஆலை செய்யும் லாரி டயர்களில் நூறு பவுண்டுக்கு மேல் காற்று நிற்கும். அவை ஜி.என்.டி. சாலையில் பாரம் சுமக்கப் பிறந்தவை. சேடையின் மேல் அவற்றின் அழுத்தம் உளியின் வேலையைச் செய்யும்.

டயர் மேடுகளின் சாய்வுக்கும் காரணம் உண்டு. நடுமுனை முதலில் மண்ணைத் தொட்டு, ஓரங்கள் பிறகு தொட வேண்டும். அப்போதுதான் சேறு இரு பக்கமும் ஒதுங்கி வெளியேறும். பின்னால் நின்று பார்த்தால் அம்பு மேல்நோக்கி இருக்கும். பஞ்சர் போட்டுவிட்டு அவசரத்தில் மாற்றி மாட்டினால் சேறு நடுவில் குவிந்து அடைக்கும். நெல் வயலுக்கென்றே மேடுகளை ஏறத்தாழ இரட்டிப்பு உயரத்தில் செய்யும் டயர் வகையும் உண்டு, ஆனால் தார்ச்சாலையில் அது சீக்கிரம் தேயும். 1971-இல் அப்போலோ 15 நிலவுக்குக் கொண்டுபோன ஊர்தியின் கம்பிவலைச் சக்கரங்களிலும் டைட்டானியத்தால் இதே அம்பு வடிவம்தான் பொருத்தியிருந்தார்கள்.

கொஞ்சம் வழுக்கல் இருப்பது குற்றமில்லை. மண் சிறிதே நகர்ந்தால்தான் முழு வலுவையும் காட்டும். பத்திலிருந்து பதினைந்து சதவீத வழுக்கல் நல்ல உழவுக்கு அடையாளம். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று சுமையோடு ஒருமுறை, சுமையில்லாமல் ஒருமுறை அளந்தால் தெரிந்துவிடும். முப்பது சதவீதம் என்றால் டீசலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்ணைக் கடைவதற்குப் போகிறது.

ஒரு சக்கரம் மட்டும் பதிந்து வெறுமனே சுற்றினால், டிஃபரன்ஷியல் அந்தச் சுற்றும் சக்கரத்துக்கே எல்லாச் சுழற்சியையும் கொடுக்கும். அதற்குத்தான் குதிகாலுக்கு அருகே லாக் பெடல். அதை மிதித்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். லாக் வேலை செய்யாத பழைய வண்டியில், சுற்றும் பக்கத்துப் பிரேக்கை மட்டும் இலேசாக மிதித்து விசையை மறுபக்கம் தள்ளும் கைப்பழக்கம் உள்ள ஓட்டுநர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு சக்கரமும் பதிந்துவிட்டால்தான் ஆபத்து. டயருக்குக் குறுக்கே மரக்கட்டையைக் கட்டிக் கிளட்சை விடுவது பார்க்கச் சாமர்த்தியமாகத் தெரியும். சக்கரம் திரும்ப முடியாமல் பூட்டிக்கொண்டால் எஞ்சின் விசை வண்டியின் உடலை அச்சைச் சுற்றித் திருப்பும். மூக்கு மேலே எழும்பி ஓரிரு விநாடியில் ஓட்டுநரின் மேல் கவிழும். குதிக்க நேரம் இருக்காது. பதிந்த வண்டியை இன்னொரு வண்டியால் தாழ்ந்த கொக்கியில் கட்டி இழுப்பதோ, சக்கரத்துக்குப் பின் பள்ளம் சரித்து மெதுவாகப் பின்னோக்கி வருவதோதான் வழி.

டிராக்டர்கள் தொடக்கத்தில் பற்கள் வைத்த இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1932-இல் காற்றடைத்த ரப்பர் டயரோடு விற்கத் தொடங்கியபோது விவசாயிகள் சந்தேகப்பட்டார்கள். சில ஆண்டுகளில் இரும்பு மறைந்துவிட்டது. நெல் வயலில் மட்டும் அது கூண்டு வடிவில் திரும்பி வந்திருக்கிறது, அதே பழைய தொல்லையோடு. வயலில் ஊன்றிய அதே ஆங்கிள் விளிம்பு சாலையில் ஏறினால் தாரைக் கொத்திப் போட்டுவிடும். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகக் கழற்றி மாட்டுவது அரைமணி வேலை என்பதால், கழற்றாமலே போய்விடும் வண்டிகளின் பல் வரிசையை ஊர்ச்சாலைகளில் பார்க்கலாம்.

கடினத்தட்டும் சாகாவரம் பெற்றதல்ல. வண்டிகளின் எடை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. டயர் போட்ட அறுவடை எந்திரம் பல டன் எடையோடு ஈர வயலில் ஏறும்போது, தட்டைத் துளைத்து ஆழமான தடம் விழுகிறது. அடுத்த பட்டத்துக்குச் சேடை ஓட்ட வரும் டிராக்டர் சரியாக அந்தத் தடத்தில் இறங்கிப் பதியும். தண்ணீரும் அங்கேதான் வடியும். வடகிழக்குப் பருவமழை முடிந்தும் ஈரம் போகாத தை மாதச் சம்பா அறுவடையில் இது ஒவ்வொரு ஆண்டும் வரும் தலைவலி. பட்டை போட்ட எந்திரம், அதாவது பெல்ட் வண்டி, எடையைப் பரப்பி மிதந்துபோகும். ஆனால் மணிக்கணக்கு வாடகை டயர் வண்டியைவிடக் கூடுதல். எதைக் கூப்பிடுவது என்பதை வயலில் நாலடி நடந்துதான் முடிவு செய்கிறார்கள். குதிகால் மட்டும் பதிந்தால் டயர் வண்டிக்குப் போன் போகும், கணுக்காலைத் தாண்டினால் பெல்ட் வண்டிக்கு.